பெரிய டிராவல் டிரெய்லரின் டயர்களைக் கோடை வெயிலில் காப்பது எப்படி: எடைமேடையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் முப்பதடி டிராவல் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வாங்கி, முதல் கோடையிலேயே அரிசோனா, நெவாடா, மேற்கு டெக்சஸ் பக்கம் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த டயர் வாங்கலாம்?" என்பதுதான். அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. டிரெய்லரின் எடை தெரியாமல் டயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. டயர் முடிவாகாமல் எவ்வளவு காற்று என்று சொல்ல முடியாது. காற்றைச் சரியாக வைக்காமல் எச்சரிக்கைக் கருவியில் எந்த எண்ணையும் பதிக்க முடியாது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யச் சொல்வது இதனால்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். வெயிலும் கொதிக்கும் தார்ச்சாலையும் டயரின் சூட்டைக் கூட்டும், உண்மைதான். ஆனால் டயரைக் கொல்லும் சூடு உள்ளேயே பிறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி, மேலே போகும்போது விரிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். டயரிலும் அதே கதைதான். எடை கூடினால் அதிகம் நசுங்கும். காற்று குறைந்தால் இன்னும் அதிகம் நசுங்கும். வேகம் கூடினால் நிமிடத்துக்கு அதிக முறை நசுங்கும். இந்த மூன்றும் நம் கையில் இருப்பவை.

சூடு அளவுக்கு மேல் போனால் ரப்பருக்கும் உள்ளே உள்ள எஃகுப் பட்டைக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, மேல்பகுதி உரிந்து வரும். உரிந்த பட்டை சவுக்கு போலச் சுழன்று சக்கரக் குழியைக் கிழிக்கும். தரைப்பலகை, ஒயர், தண்ணீர்க் குழாய், சில டிரெய்லர்களில் சமையல் எரிவாயுக் குழாய் வரை சேதமாகும். டயரின் விலை அந்தச் செலவில் ஒரு சிறு பங்குதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) வரை காட்டும் நல்ல அழுத்தமானி ஒன்று. 80 பி.எஸ்.ஐ. வரை ஏற்றக்கூடிய கம்ப்ரஸர் ஒன்று. காருக்கென்று விற்கும் சின்ன கம்ப்ரஸர்கள் 50 தாண்டும்போதே திணறும். பல காஸ் ஸ்டேஷன் காற்றுக் குழாய்களும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகியும் விடும். அதனால் கம்ப்ரஸர் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

இவற்றோடு நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், அகச்சிவப்பு வெப்பமானி, டயர் அழுத்தத்தையும் சூட்டையும் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். கருவி, டிரெய்லரின் எடையைத் தாங்கும் ஜாக்கி, தடித்த பலகைகள், கையுறை, எதிரொளிக்கும் முக்கோணங்கள். இழுக்கும் டிரக்கோடு வந்த ஜாக்கி டிரெய்லருக்குப் போதும் என்று நம்ப வேண்டாம்.

2. எடைமேடைக்குப் போங்கள்

நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்புகள் பலவற்றில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. கட்டணம் அதிகமில்லை. பயணத்துக்கு எப்படி நிரப்புவீர்களோ அப்படியே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அரிசி மூட்டை, பாத்திரங்கள், சைக்கிள்கள், எரிவாயு, தண்ணீர் எல்லாம் உள்ளே இருக்கட்டும். தண்ணீரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு காலன் 8.3 பவுண்டுக்குச் சற்று மேல். 50 காலன் தொட்டி நிரம்பினால் 415 பவுண்டு கூடிவிடும்.

டிரக்கின் முன் அச்சு முதல் மேடையில், பின் அச்சு இரண்டாவதில், டிரெய்லரின் அச்சுகள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்துங்கள். சீட்டில் வரும் மூன்றாவது எண்தான் டிரெய்லர் டயர்கள் சுமக்கும் எடை.

இனி கணக்கு. சீட்டில் 7,570 பவுண்டு என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நான்கு டயர்களுக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 1,890. நிறையப் பேர் இங்கேயே நிம்மதியாகி நின்றுவிடுகிறார்கள். ஆனால் எடை ஒருபோதும் சமமாகப் பிரிவதில்லை. சமையலறை, ஃபிரிட்ஜ், வெளியே தள்ளும் ஸ்லைடு ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் 4,100 வரை போகலாம். அப்போதே டயருக்கு 2,050. டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கியபடி இழுத்தால் பின் அச்சுக்குச் சுமை நகர்ந்து, ஒரு டயர் மட்டும் 2,250ஐத் தொடலாம். 2,540 பவுண்டு தாங்கும் டயரில் அது வெறும் 11 சதவீத இடைவெளி. பாலைவனக் கோடைக்கு அது போதாது. குறைந்தது 15, முடிந்தால் 20 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சக்கரம் சக்கரமாக எடைபோட்டுத் தருகிறவர்கள் சில ஆர்.வி. (வீட்டு வண்டி) கூடல்களில் கிடைப்பார்கள். கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால், சராசரியைவிட ஒரு டயர் பதினைந்து இருபது சதவீதம் கூடுதலாகச் சுமக்கிறது என்றே வைத்துக் கணக்கிடுங்கள். மூக்கு தூக்கியிருந்தால் கொக்கியின் உயரத்தை மாற்றி, டிரெய்லரை மட்டமாக்குங்கள். காசு அதிகம் செலவழிக்காமல் ஒரு டயரின் சுமையைக் குறைக்கும் வழி அது.

ஒரு டயருக்கு வந்த எண்ணை மூன்றோடு ஒப்பிட வேண்டும்: டிரெய்லரின் இடது முன்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அச்சின் எல்லையில் பாதி (ஓர் அச்சில் இரண்டு டயர்கள்), டயரின் எல்லை, ரிம்மின் எல்லை. இவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

3. டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

பெரும்பாலான டிராவல் டிரெய்லர்களில் எஸ்.டி. என்று தொடங்கும் டிரெய்லர் டயர்கள்தான் இருக்கும். உதாரணத்துக்கு எஸ்.டி. 225/75 ஆர் 15 அளவை எடுத்துக்கொள்வோம். இதில் லோடு ரேஞ்ச் (டயர் தாங்கும் சுமையின் வகை) டி என்றால் 65 பி.எஸ்.ஐ.யில் 2,540 பவுண்டு. லோடு ரேஞ்ச் இ என்றால் 80 பி.எஸ்.ஐ.யில் 2,830 பவுண்டு.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. இ வகைக்கு மாறிய பிறகும் பழைய பழக்கத்தில் 65 பி.எஸ்.ஐ.யே அடிப்பார்கள். சுமையைத் தாங்குவது காற்று. அதே அளவு டயரில் 65 பி.எஸ்.ஐ. அடித்தால் அதே 2,540தான் கிடைக்கும். கூடுதல் 290 பவுண்டு வேண்டுமென்றால் 80 அடிக்க வேண்டும். அதற்கு ரிம்மும் 80 தாங்குவதாக இருக்க வேண்டும். ரிம்மின் பின்பக்கத்தில் அதன் எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். வால்வும் அப்படித்தான். சாதாரண ரப்பர் வால்வுகள் 65 பி.எஸ்.ஐ. வரைதான். 80க்கு உயர் அழுத்த வால்வோ, நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வோ வேண்டும். டயர் மாற்றும் கடையில் நாம் சொல்லாவிட்டால் பழைய வகையையே போட்டுவிடுவார்கள். முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வேகக் குறியீடு. ஜே என்றால் மணிக்கு 62 மைல், எல் என்றால் 75, எம் என்றால் 81, என் (N) என்றால் 87. எழுத்தே இல்லாத எஸ்.டி. டயராக இருந்தால் 65 மைல்தான் எல்லை. மேற்கு டெக்சஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் 80 மைல் என்று பலகை நிற்கும். எல் குறியீட்டு டயரோடு அந்த வேகத்தில் போவது டயரின் எல்லையையே தாண்டுவது. பலகை காருக்குச் சொல்கிறது. உங்களுக்குப் பக்கச்சுவர் சொல்வதுதான் கணக்கு. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் சட்டப்படியே 55 மைல்தான்.

கடைசியாக வயது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், அது உள்பக்கம் திரும்பியும் இருக்கலாம். டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள். டிரெய்லர் புதிது என்பதால் டயரும் புதிது என்று நினைக்க வேண்டாம். விற்பனை மைதானத்தில் வெயிலில் நின்ற காலமும் டயருக்கு வயதுதான்.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏழு வருட டயரோடு ஜூலையில் பாலைவனத்துக்குள் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். ஐந்து வருடம் முடிந்தால் மாற்றிவிடுங்கள். வருடம் முழுக்க அரிசோனா வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் டிரெய்லர் என்றால் அதற்கும் முன்பே. நிறுத்திவைக்கும் மாதங்களில் டயருக்கு உறை போடுங்கள், காற்றை முழு அளவில் வைத்திருங்கள். ஸ்டெப்னியின் வயதையும் பார்க்க மறக்காதீர்கள், அதுவும் மற்றவற்றோடு பிறந்ததுதான்.

4. கண்ணால் பார்த்து, கையால் தடவிப் பாருங்கள்

கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு டயரின் மேல்பகுதியையும் மெதுவாகத் தடவுங்கள். ஓரிடத்தில் மேடு தட்டினால் உள்ளே பட்டை பிரியத் தொடங்கியிருக்கலாம். அந்த டயர் கிளம்பக் கூடாது. எஃகு இழை வெளியே நீட்டியிருந்தால் கையைக் கிழிக்கும், கையுறை அதற்காகத்தான்.

பக்கச்சுவரில் வீக்கம், வெடிப்புக் கோடுகள் உண்டா என்று உள்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது சுமை கூடியிருக்கலாம். டயரை மாற்றினால் மட்டும் அது தீராது. புது டயரையும் அதே இடத்தில் தின்றுவிடும்.

சக்கர பேரிங்குக்கு வருடம் ஒருமுறை கிரீஸ் பார்ப்பதும் இந்தப் படியில்தான் வரும். பேரிங்கோ பிரேக்கோ சூடானால் அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்குப் போகும்.

5. குளிர்ந்த டயரில் காற்று

குளிர்ந்த டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல், வெயில் படாமல் நின்ற டயர். விடியற்காலைதான் சரியான நேரம். ஒரு பக்கம் வெயில் விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்து டயர்கள் கூடுதலாகக் காட்டும், நீங்கள் குறைவாக அடித்துவிடுவீர்கள்.

எவ்வளவு அடிப்பது? டிரெய்லரோடு வந்த அதே அளவு, அதே ரேஞ்ச் டயர் என்றால் டிரெய்லரில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண். பெரிய டிராவல் டிரெய்லர்களில் அது பெரும்பாலும் பக்கச்சுவரில் உள்ள உச்ச அழுத்தமாகவே இருக்கும். உயர்ந்த ரேஞ்சுக்கு மாறியிருந்தால், ரிம்மும் வால்வும் தாங்கும் என்று உறுதியான பிறகு டயரின் உச்ச அழுத்தம். அந்த உச்சம் குளிர்ந்த நிலைக்குச் சொல்லப்பட்டது. ஓடும்போது அதைத் தாண்டி ஏறும் என்பதை எதிர்பார்த்துத்தான் டயர் செய்யப்படுகிறது.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மதியம் ஓய்வுக்கு நிறுத்தும்போது 65 அடித்த டயர் 78 காட்டும். வெடித்துவிடுமோ என்று பயந்து 65க்கு இறக்குவார்கள். இரவு ஆறிய பிறகு அதே டயரில் ஏறக்குறைய 54தான் இருக்கும். அதாவது, இப்போது டயர் காற்றுக் குறைந்த டயர். மறுநாள் அதிகம் நசுங்கும், முந்தைய நாளைவிட அதிகம் சூடாகும். அழுத்தமானி மீண்டும் உயர்ந்து காட்டும், மீண்டும் இறக்கத் தோன்றும். சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்காதீர்கள். எண் அளவுக்கு மீறித் தெரிந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், அடுத்த தடவை வேகத்தையோ சுமையையோ குறையுங்கள்.

65 பி.எஸ்.ஐ. டயரில் வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1.5 மாறும். ஃபீனிக்ஸ் வெக்கையில் விடிகாலை சரியாக அடித்துவிட்டு, 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் இரவு தங்கினால் மறுநாள் குளிரில் எண் இறங்கியிருக்கும். உயரம் கூடியதால் மானி கொஞ்சம் ஏற்றிக் காட்டினாலும் குளிரின் இறக்கம் அதைவிடப் பெரிது. எனவே பயணத்தில் ஒவ்வொரு நாளும் காலையில் பார்க்க வேண்டும். முதல் நாள் மட்டும் பார்த்தால் போதாது.

6. நட்டு

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள். அரை அங்குல நட்டுக்கு வழக்கமாக 90 முதல் 120 ஃபுட்-பவுண்டு. உங்கள் அச்சின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. வட்டமாகப் போகாமல் எதிரெதிராக இறுக்கினால்தான் ரிம் சமமாக உட்காரும்.

7. டி.பி.எம்.எஸ். கருவியைப் பதிப்பது

காலையில் குளிர்ந்த அழுத்தத்தைச் சரி செய்த பிறகுதான் இந்தப் படி. குறைந்த அழுத்த எச்சரிக்கையைக் குளிர்ந்த எண்ணைவிட 10 சதவீதம் கீழே வையுங்கள். 65 என்றால் 58 அல்லது 59. உயர் எச்சரிக்கை 25 சதவீதம் மேலே, ஏறக்குறைய 81. கடும் கோடையில் இதைவிட நெருக்கமாக வைத்தால் கருவி நாள் முழுக்கக் கத்தும். எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள். அணைத்த கருவியால் பயனில்லை.

சூட்டு எச்சரிக்கை பல கருவிகளில் 158 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வரும். அப்படியே விடலாம். ஆனால் வால்வு முனையில் திருகும் சென்சார் காற்றோட்டத்தில் இருக்கிறது. உள்ளே பட்டையின் விளிம்பு அதைவிடச் சூடாக இருக்கும். 150 காட்டுகிறது, இன்னும் எட்டு டிகிரி இருக்கிறது என்று ஓட்டக் கூடாது. எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். வெயில் பக்கத்து டயர்கள் இரண்டும் சேர்ந்து ஏறினால் அது இயல்பு. ஒரே பக்கத்து இரண்டில் ஒன்று மட்டும் விலகி ஏறினால் அங்கே ஏதோ கோளாறு.

நீண்ட டிரெய்லரில் சிக்னல் டிரக்கின் முன்பக்கம் வரை வராமல் போகலாம். சிக்னலைக் கடத்தும் ரிப்பீட்டரை டிரெய்லரில் பொருத்துங்கள். ரப்பர் வால்வில் இந்தச் சென்சாரைத் திருக வேண்டாம், அதன் எடையில் வால்வு ஆடி அடியில் கிழியும்.

8. சாலையில்

ஃபீனிக்ஸிலிருந்து கலிஃபோர்னியா எல்லை நோக்கிய ஐ-10, லாஸ் வேகஸ் போகும் வழியில் பேக்கரைத் தாண்டி ஏறும் ஐ-15 போன்ற இடங்களைக் கோடையில் விடிவதற்கு முன்பே தொடங்கி, முற்பகலில் முடித்துவிடுங்கள். ஃபீனிக்ஸில் 2023 ஜூன் 30 முதல் தொடர்ந்து 31 நாள்கள் தினமும் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் பிற்பகல் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிடப் பல பத்து டிகிரி அதிகமாகக் கொதிக்கும். சுற்றிலும் எல்லாமே சூடாக இருக்கும்போது டயர் தன் சூட்டை எங்கே இறக்கும்?

கோடையில் 60, அதிகபட்சம் 65 மைல். டயரில் என் (N) என்ற வேகக் குறியீடு இருந்தாலும் இதையே சொல்வேன். குறியீடு என்பது ஆய்வுக்கூடத்தில் சரியான சுமை, சரியான காற்றோடு தாங்கியது. வேகமாகப் போய் நாளொன்றுக்கு மிச்சமாவது அரை மணி, முக்கால் மணி நேரம்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிறுத்திய உடனே, ஆறுவதற்கு முன், வெப்பமானியால் நான்கு டயர்களையும் நான்கு ஹப்களையும் (சக்கரத்தின் மையப்பகுதி) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஹப் மட்டும் மற்ற மூன்றையும்விட வெகுவாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் போகிறது. டயரைக் குளிர்விக்கிறேன் என்று தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேல்பரப்பு மட்டும் ஆறும், உள்சூடு அப்படியே இருக்கும்.

காஸ் ஸ்டேஷனில் இடம் தேடி ஒடித்துத் திருப்புவதையும் குறையுங்கள். இரட்டை அச்சு டிரெய்லரை இறுக்கமாகத் திருப்பினால் டயர்கள் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். உள் அடுக்குகள் ஒன்றை ஒன்று எதிர்த்து முறுகும். சூடான டயருக்கு அது இரட்டை அடி. பெரிய டிரக்குகளுக்கான பகுதிக்குப் போய், அகலமாகத் திரும்புங்கள்.

9. டயர் வெடித்துவிட்டால்

ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். வேகம் தானாகக் குறையட்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக்கில் உள்ள டிரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள், அது டிரெய்லரைப் பின்னுக்கு இழுத்து நேராக்கும். பிறகு சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி, மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். இடது பக்க டயர் போய், வண்டிகள் பறக்கும் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் நீங்களே மாற்ற முயல வேண்டாம். குடும்பத்தைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள். ரிம் நாசமானாலும் பரவாயில்லை, நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் அடுத்த வழி அருகில் இருந்தால் ஊர்ந்தாவது அங்கே போய்விடுவது நல்லது.

மாற்றும்போது நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். ஜாக்கியை அச்சுக் குழாயின் நடுவில் வைத்தால் அச்சு வளையும். கையேடு சொல்லும் இடத்தில், பெரும்பாலும் சட்டத்தின் கீழ், பலகை போட்டு வையுங்கள். அதே பக்கத்து நல்ல சக்கரத்தை அடுக்கிய பலகைகள் மீது ஏற்றிவிட்டால், சில டிரெய்லர்களில் ஜாக்கியே தேவைப்படாது.

ஸ்டெப்னியை மாட்டியதும் வேலை முடிந்தது என்று கிளம்புகிறார்கள். அதே பக்கத்தில் தப்பித்த டயரைப் பாருங்கள். பக்கத்து டயர் போன நொடியிலிருந்து நீங்கள் நிறுத்தும் வரை இரண்டு டயரின் சுமையை அது ஒன்றே சுமந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பட்டை தளர்ந்திருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கி ஓடிய டயருக்கும் இதே விதிதான். ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கத்தைத் தேர்ந்த ஆள் பார்க்காமல் காற்றடித்து ஓட்டக் கூடாது. அடுத்த ஊர் வரை 45, 50 மைலில் போய், டயர் கடையில் இரண்டையும் காட்டுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்து இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு போவேன்.